மரத்தடியில் ஒரு விருந்து மேசை

அக்டோபர் பிறந்துவிட்டால் செல்போன் திரையில் ஒரே மாதிரியான படங்கள் வரிசைகட்டும். காட்டுக்கு நடுவே நீளமான மரமேசை. அதன்மேல் செம்மஞ்சள் இலைகள், உருண்டு திரண்ட பரங்கிக்காய்கள், பழக்கூடை, மெழுகுவத்திகள். சுற்றிலும் உதிர்ந்த சருகு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு வெளியே உட்கார்ந்து சாப்பிட இப்படி மேசையை அலங்கரிப்பார்கள்.

சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும் நேரமும் இதுதான். 'நம்ம தோப்பில் இப்படி ஒண்ணு போட்டா என்ன?' என்ற பேச்சு புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் எழுந்தால் வியப்பில்லை. இடத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காடு இருக்கிறது. வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாவும் தென்னையும் நிற்கின்றன. ஊருக்கு ஊர் அய்யனார் கோயிலைச் சுற்றிக் கோயில்காடும் உண்டு.

படத்தில் இருப்பதை அப்படியே செய்யப் பார்த்தால்தான் சிக்கல். அந்தச் செம்மஞ்சள் இலை இங்கே கிடைக்காது. கடையில் வாங்கினால் பிளாஸ்டிக் இலைதான் கிடைக்கும். விருந்து ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பிளாஸ்டிக் இலை காட்டிலேயே தங்கிவிடும். மேசையை எப்படி அலங்கரிப்பது என்று யோசிக்கும்போதே, எழுந்து வரும்போது அங்கே என்ன கிடக்கும் என்றும் யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே இது துளிர்க்கும் காலம்

குளிர்நாடுகளில் பகல் குறைந்து குளிர் ஏறும்போது, மரங்கள் இலையில் உள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பச்சை மறைந்ததும், ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியே தெரிகின்றன. பிறகு இலை உதிர்கிறது.

தமிழ்நாட்டில் கணக்கு வேறு. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த பழந்தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாதங்கள் இவை. வெயிலில் காய்ந்து கிடந்த கரடுகூடப் பச்சை கட்டும். இங்கே இலை உதிர்வது மாசி, பங்குனியில், மண்ணில் ஈரம் குறையும்போது.

புதுக்கோட்டையின் கோயில்காடுகளில் இன்னொரு விசேஷமும் உண்டு. அவற்றில் பல, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்ற அரிய வகையைச் சேர்ந்தவை. ஆண்டில் பல மாதம் மழை இல்லாவிட்டாலும் இலையை மொத்தமாக உதிர்க்காத மரங்கள் நிறைந்த காடு அது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய சமவெளியில் ஒரு காலத்தில் பரந்து கிடந்தது. இப்போது பெரும்பாலும் கோயிலைச் சுற்றிய சிறு சிறு திட்டுகளாகத்தான் எஞ்சியிருக்கிறது. நீலப்பூ பூக்கும் காயா, வீரை, உலக்கைப்பாலை போன்ற மரங்களை அங்கே பார்க்கலாம். அறையப்பட்டி, மரமடக்கி போன்ற ஊர்களின் காடுகளில் ஆய்வாளர்கள் மரம் மரமாக எண்ணிக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

ஆகவே புதுக்கோட்டையில் கூதிர்கால மேசையின் அடிப்படை நிறம் பச்சை. சிவப்பும் மஞ்சளும் அதன்மேல் தொட்டுவைக்கும் நிறங்கள். இதைப் புரிந்துகொண்டால் அலங்காரம் சுலபமாகிவிடும், செலவும் குறையும்.

அலங்கரித்துப் பரிமாறுவது பழைய வழக்கம்

இந்தப் பருவத்தில் அலங்கரிப்பதும் அடுத்தவருக்கு உணவு தருவதும் புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. சமஸ்தானக் காலத்தில் நவராத்திரியின்போது அரிசி தானம் நடந்தது. அரிசியோடு சேர்த்துக் கொடுப்பதற்கென்றே 'அம்மன் காசு' என்ற சின்னச் செப்புக்காசு அச்சிடப்பட்டது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்து. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அம்மன் காசைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

வீட்டுக்குள் கொலு என்றால், வெளியே மரத்தடியில் படையல். அய்யனார் கோயில்காட்டுக்குப் பொங்கல் வைக்கப் போகும் குடும்பம் பானை, அரிசி, வெல்லம், விறகு, வாழை இலை, பூ எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே சுமந்து போகும். காட்டில் பச்சைக் கிளையை ஒடிக்கக் கூடாது, விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு இருந்த இடங்களில்தான் காடும் மிஞ்சியிருக்கிறது.

புரவி எடுப்பும் அப்படித்தான். வேளார் வீட்டில் செய்து சுட்ட மண் குதிரையை ஊரே கூடித் தூக்கிவந்து அய்யனார் முன் நிறுத்தும். வண்ணம் தீட்டி, மாலை சாத்தி, வேட்டி கட்டிய குதிரை. திருவிழா முடிந்ததும் அதை யாரும் திரும்ப எடுத்துப் போவதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று, விரிந்து, உடைந்து, செடி படர்ந்து அங்கேயே கிடக்கும். மண்ணில் செய்தது என்பதால் காட்டுக்கு அது பாரமில்லை.

கீரமங்கலம் அருகே குளமங்கலத்தில் பெருங்காரையடி மிண்ட அய்யனார் கோயில் இருக்கிறது. சாமியின் பெயரிலேயே மரத்தடி இருக்கிறது. அங்குள்ள 30 அடிக்கு மேல் உயரமான குதிரைக்கு மாசி மகத்தன்று காகித மாலைகள் வந்து குவியும். குதிரையின் உடல் தெரியாத அளவுக்கு மாலை சேர்ந்துவிடும். திறந்தவெளியை எவ்வளவு பிரமாதமாக அலங்கரிக்கலாம் என்பதை அந்தக் கூட்டம் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

காட்டு விருந்துக்கு வேண்டிய விதிகள் இந்த வழக்கங்களிலேயே இருக்கின்றன. வேண்டியதை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். காட்டிலிருந்து எதையும் பறிக்கக் கூடாது. மண் ஏற்காத எதையும் விட்டுவரக் கூடாது.

எந்த மரத்தடி?

குடும்ப விருந்துக்குச் சொந்தத் தோப்போ, உறவினர் தோப்போதான் நல்லது. மாமரமும் புளியமரமும் அடர்ந்த நிழல் தரும். முந்திரி மரம் தாழ்ந்து படர்வதால் தோரணம் கட்ட ஏணி தேவைப்படாது. தென்னந்தோப்பு என்றால் தேங்காயும் மட்டையும் விழாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். பலா மரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கோயில்காடு என்றால் பூசாரியையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். எந்த இடத்தில் உட்காரலாம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், அசைவம் ஆகுமா ஆகாதா என்பது ஊருக்கு ஊர் மாறும். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் போவதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றம். சித்தன்னவாசல் போன்ற தொல்லியல் இடங்களில் வளாகத்துக்கு உள்ளே பந்தி விரிக்கும் எண்ணமே வேண்டாம்.

தைலமரக் காடு தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும். உள்ளே போனால் நிழல் குறைவு. உதிர்ந்த இலையில் எண்ணெய்ச் சத்து இருப்பதால், காய்ந்திருந்தால் சீக்கிரம் தீப்பிடிக்கும். விளக்கு வைக்கும் விருந்துக்கு அது பொருத்தமில்லை.

இந்தப் பக்கத்து மக்களுக்கு நிழலின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஐப்பசி முடியும் நேரம். தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் தென்னையும் மாவும் ஒரே இரவில் சாய்ந்தன. பிள்ளைகள் ஊஞ்சல் ஆடிய மரம் காலையில் வேரோடு கிடந்ததைப் பார்த்த குடும்பங்கள் ஏராளம். அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் நிழல் தரத் தொடங்கியிருக்கின்றன. அப்படி வளர்ந்த மரத்தில் தோரணத்துக்காக ஆணி அடிக்கக் கூடாது. வாழை நாரோ சணல் கயிறோ கொண்டு கட்டி, கிளம்பும்போது அவிழ்த்துவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்களும்கூட. வானிலை எச்சரிக்கை வந்தால் விருந்தைத் தள்ளிவைப்பதுதான் சரி. நடுவில் இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்கி நிற்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ உடனே போய்விட வேண்டும்.

கயிற்றுக்கட்டிலே மேசை

தோப்புக்கு மேசையைத் தூக்கிப் போவது பெரும்பாடு. கயிற்றுக்கட்டில் இருந்தால் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, கோரைப்பாயை விரித்தால் தாழ்வான மேசை தயார். இரண்டு பக்கமும் ஜமுக்காளம் விரித்து உட்காரலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இரண்டு நாற்காலியும், அவர்கள் உயரத்துக்கு ஒரு ஸ்டூலும் தனியாக எடுத்துப்போக வேண்டும். அலங்காரத்தைவிட இது முக்கியம். தாத்தாவும் பாட்டியும் வசதியாக உட்காரவில்லை என்றால் அந்த விருந்து சீக்கிரமே கலைந்துவிடும்.

மழை ஈரத்தில் புல்லும் சருகும் கலந்த இடத்தில் பாம்பு, தேள், பூரான் இருக்கலாம். உட்காரும் இடத்தை முதல்நாளே கூட்டிச் சுத்தமாக்கி, பாய் விரிக்கும் முன் ஒருமுறை கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் செருப்பில்லாமல் புதர்ப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம்.

விரிப்புக்குப் பழைய பருத்திச் சேலை போதும். அரக்கு, மஞ்சள் கட்டம் போட்ட கண்டாங்கியோ சுங்குடியோ இருந்தால் மேசை உடனே களைகட்டும். காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல்லை முடிந்து தொங்கவிடலாம். மேசையில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருள்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

பழுத்த பலா இலையும் பரங்கிக்காயும்

செம்மஞ்சள் இலை வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அதற்கும் வழி உண்டு. பலா மரத்தடியில் பழுத்து விழும் இலை மஞ்சளும் ஆரஞ்சுமாக மினுமினுக்கும். தெருவோர வாதாம் மரத்தின் இலை உதிரும் முன் நல்ல சிவப்பாக மாறும். விழுந்த இலையை மட்டும் பொறுக்கி, துடைத்து, கனமான புத்தகத்துக்கு நடுவே ஒரு வாரம் வைத்தால் சுருளாமல் தட்டையாகிவிடும். மேசையின் நடுவில் நீளவாக்கில் அடுக்கினால் வெளிநாட்டுப் படத்துக்குச் சற்றும் குறையாது. இந்த இலையெல்லாம் வீட்டு வாசலிலும் தெருவிலும் சொந்தத் தோப்பிலும் கிடைப்பவை. கோயில்காட்டின் சருகு அந்த மண்ணுக்கே உரமாகட்டும்.

பரங்கிக்காய் எல்லா ஊருக்கும் பொது. ஒரு முழுக் காயை நடுவில் வைத்து, சுற்றிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சீத்தாப்பழம், கொய்யா, தோலோடு நிலக்கடலை, ஒரு கிண்ணத்தில் ஆதனக்கோட்டை வறுத்த முந்திரி என்று அடுக்கலாம். அலங்காரத்துக்கு வைத்தது எல்லாமே சாப்பிடக்கூடியது. பழத்தையும் முந்திரியையும் அங்கேயே தின்று தீர்க்கலாம். பரங்கிக்காய் மறுநாள் வீட்டுக் குழம்பில் சேர்ந்துவிடும்.

கொலுப் படிக்குப் பக்கத்தில் கேழ்வரகு, கடுகு, வெந்தயம் தூவிக் குட்டி வயலும் பூங்காவும் செய்யும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதையே மேசைக்கும் கொண்டுவரலாம். அகலமான மண் தட்டில் ஈர மண் நிரப்பி, ஒரு வாரத்துக்கு முன்பே விதையைத் தூவினால், விருந்து நாளில் பச்சைக் கம்பளம் போல எழுந்து நிற்கும். தண்ணீர் தெளிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். தினமும் காலையில் எழுந்ததும் ஓடிப்போய் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

தோரணத்துக்கு வீட்டுத் தென்னையின் குருத்தோலையும் மாவிலையும் போதும். ஓலையில் கிளி, பாம்பு, காற்றாடி மடிக்கத் தெரிந்த பெரியவர் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். பேரப்பிள்ளைகளை அவரோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் தோரணமும் ஆகும், கைவேலையும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். நெற்கதிர்க் கொத்து கிடைத்தால் கிளையில் கட்டித் தொங்கவிடலாம். சிட்டுக்குருவிகளுக்கும் விருந்தாகும்.

நிறங்களை எப்படிச் சேர்ப்பது என்று குழப்பமாக இருந்தால் சித்தன்னவாசலை நினைத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அந்தக் குகைக்கோயிலின் கூரையில், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக்குள ஓவியம் இருக்கிறது. மீன், பறவை, யானை, எருமை எல்லாம் குளத்தில் இருக்க, ஆண்கள் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் கையில் பூக்கூடை தொங்குகிறது. படம் முழுக்கப் பச்சை இலை பரந்திருக்கிறது. பூ அதற்கு நடுவே ஆங்காங்கே தலைகாட்டுகிறது. மேசைக்கும் இந்த அளவுதான் சரி. இலை நிறைய, பூ கொஞ்சம்.

பூவுக்குக் கீரமங்கலம் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. செவ்வந்தி, செண்டிப்பூ, சம்பங்கி, கனகாம்பரம் எதையும் உதிரியாக வாங்கி, பித்தளைச் சொம்பிலோ மண் குடுவையிலோ வைக்கலாம். நீர் நிரப்பிய உருளியில் இதழ்களை மிதக்கவிட்டால், காற்றடித்தாலும் பூ பறக்காது.

அழகாக இருக்கும், ஆனால் மேசைக்கு ஆகாது

கூதிர் காலத்தில் வேலியில் ஏறிப் பூப்பது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். சிவப்பும் மஞ்சளுமாகத் தீக்கொழுந்து போல இருக்கும் அந்தப் பூவைப் பார்த்ததும் பறித்து மேசையில் வைக்கத் தோன்றும். அதன் கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே நஞ்சு. சாப்பாட்டுப் பக்கம் வரவே கூடாது.

அரளியும் அப்படியே. சாமிக்கு மாலையாக வரும் அரளி, இலையிலும் தட்டிலும் படக் கூடாது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. அதன் நச்சுத்தன்மைதான் காரணம். ஊமத்தையையும் எருக்கையும் சிறுபிள்ளைகள் கைக்கு எட்டாமல் தள்ளிவைக்க வேண்டும்.

குன்றிமணி இன்னொன்று. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அந்த விதை மணிபோல அழகாக இருப்பதால், தட்டைச் சுற்றி வைக்க ஆசை வரும். பிள்ளைகள் எடுத்துக் கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த இடத்தில் மாதுளை முத்துகளை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தால் அழகுக்கு அழகு, வாய்க்கும் ருசி.

ஈசல் வருமுன் இலை எடுத்துவிட வேண்டும்

வெளிநாட்டுப் படங்களில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவு விருந்து நடக்கும். ஐப்பசியில் மழை பெய்து ஓய்ந்த மாலையில் இங்கே விளக்கேற்றினால், ஐந்து நிமிடத்தில் ஈசல் கூட்டம் வந்து சாம்பாரில் விழும். மதிய விருந்துதான் இந்தப் பருவத்துக்குத் தோது. பதினொரு மணிக்குப் போய், நான்கு மணிக்குள் கிளம்பிவிடுவது மாதிரி திட்டமிடலாம்.

விளக்கு வேண்டும் என்றால் மண் அகலைக் கண்ணாடி டம்ளருக்குள் வைத்து ஏற்றலாம். பழைய அரிக்கேன் லாந்தர் இருந்தால் துடைத்து நடுவில் வைத்தாலே அழகு. அது எரிய வேண்டியதுகூட இல்லை. விளக்கு எரியும் இடத்தில் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். சீரியல் லைட், ஸ்பீக்கர் இரண்டையும் வீட்டிலேயே விட்டுப் போகலாம். காட்டில் மயிலும் செண்பகமும் எழுப்பும் சத்தமே போதும்.

வாழை இலையும் கட்டுச்சோறும்

தட்டு விஷயத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தோப்புக்கு எதற்குச் சிரமம் என்று, வாழை இலை போலவே அச்சடித்த பேப்பர் இலையை ஒரு கட்டு வாங்கிப் போவார்கள். பார்க்கக் காகிதம் போல இருந்தாலும், ஈரம் ஊறாமல் இருக்க அதன்மேல் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும், தெர்மாகோல் தட்டும் கப்பும் 2019 தடைப் பட்டியலில் உள்ளவைதான். குழம்பின் வாசனை ஒட்டிய அந்த இலையை ஆடு மாடு மென்று விழுங்கினால், பிளாஸ்டிக் அதன் வயிற்றில் தங்கிவிடும். வளர்த்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது மாடு வைத்திருக்கும் வீட்டுக்குத் தெரியும்.

நிஜ வாழை இலையைவிட அழகான தட்டு எந்தக் கடையிலும் இல்லை. சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் நுனி வருவது போலப் போட்டு, நீர் தெளித்துத் துடைத்தால், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு அசையாது. மந்தாரை இலையில் தைத்த தையல் இலையும் நல்லது. பலா இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்கு குத்தினால் பாயசத்துக்கும் சுண்டலுக்கும் தொன்னை ஆகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தொன்னையில் ஈர்க்கு பிரிந்து உணவில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளரே போதும்.

உணவும் எளிமையாக இருக்கட்டும். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய், சுண்டல், ஒரு பாயசம். கட்டுச்சோறாகக் கொண்டுபோனால் அங்கே அடுப்பு மூட்டும் வேலை இல்லை. ஒவ்வொரு வீடும் ஒரு பண்டம் செய்து வந்தால் அது கூட்டாஞ்சோறு. சிறு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆளுக்கொரு பிடி அரிசி எடுத்துவந்து பொங்கிய அதே விளையாட்டுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கார்த்திகை மாதத்தில் குடும்பம் குடும்பமாகத் தோப்புக்குப் போய், நெல்லி மரத்தடியில் வனபோஜனம் நடத்துவார்கள். அங்கும் மரத்துக்கு முதல் மரியாதை செய்த பிறகுதான் பந்தி. சாப்பிட உட்காருமுன் மரத்தடியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் எந்த ஊர் விருந்துக்கும் அது பொருந்தும்.

கடைசிப் பந்தி, சுத்தம் செய்யும் பந்தி

விருந்துக்குப் புறப்படும்போதே இரண்டு சாக்கும் ஒரு மஞ்சப்பையும் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். முதல் சாக்கு வாழை இலைக்கும் தொன்னைக்கும். ஈர்க்கையெல்லாம் உருவிவிட்டால் இலை வீட்டு மாட்டுக்கோ உரக்குழிக்கோ போய்விடும். இரண்டாவது சாக்கு, மறதியாக உள்ளே வந்துவிட்ட பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில், பால் கவர் போன்றவற்றுக்கு. அது ஊருக்குத் திரும்பி, குப்பை வாங்க வருபவரிடம் போக வேண்டும். மஞ்சப்பையில் பரங்கிக்காயும் மீதிப் பழமும்.

மிஞ்சிய சோற்றை மரத்தடியில் கொட்டிவிட்டு வருவது புண்ணியம் என்று சிலர் நினைப்பார்கள். ஊசிப்போன சோறு நாயையும் குரங்கையும் ஈக்களையும் இழுக்கும். ஒருமுறை ருசி கண்ட குரங்கு, அடுத்து வருகிறவர்களின் பையைப் பறிக்கும். மீதியைப் பாத்திரத்திலேயே மூடிக் கொண்டுவந்துவிட வேண்டும். காட்டிலேயே அதைப் புதைத்தாலும் நாய் தோண்டிவிடும்.

பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாக மாற்றலாம். மேசை போடும் முன் அந்த இடத்தைச் செல்போனில் ஒரு படம், கிளம்பும்போது அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இரண்டுக்கும் எத்தனை வித்தியாசம் என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். சணல் நுனி, நிலக்கடலைத் தோல், ஊதிப்போட்ட பலூன் துண்டு என்று கூர்மையான கண்ணுக்கு எதுவும் தப்பாது. வித்தியாசமே இல்லை என்றால் பாக்கியிருக்கும் சீத்தாப்பழம் அவர்களுக்கு.

பொதுவாக எல்லாரும் எடுப்பது அலங்கரித்த மேசையின் படத்தைத்தான். அதைப் பகிர்வதில் தவறில்லை. கூடவே அந்த இரண்டாவது படத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த ஐப்பசியில் தோப்புக்காரர் மறுபடியும் கூப்பிடுவார். கோயில்காடாக இருந்தால், பூசாரியும் தயங்காமல் சம்மதிப்பார்.